மத்திய சென்னைக்காரர்கள் ஏன் வாக்களிப்பதில்லை?

புரசை_வாசி:

2024 ஏப்ரல் 19 அன்று நடந்த மக்களவைத் தேர்தலில், தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் மிகக் குறைவாக வாக்குப் பதிவானது எங்கள் மத்திய சென்னையில்தான். 53.96 சதவீதம். மாநிலச் சராசரி 69.72. தருமபுரியில் 81 சதவீதத்துக்கும் மேல். வெயில் என்று சாக்குச் சொல்கிறவர்களைக் கேட்கிறேன், தருமபுரியில் அன்று மழையா பெய்தது?

ஐம்பது ஆண்டுகளாகப் புரசைவாக்கத்தில் இருக்கிறேன். 1977இல் மத்திய சென்னை என்ற பெயரில் முதல் தேர்தல் நடந்தபோது வாக்களித்தேன். அதன் பிறகு ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. கிராமத்தில் மூன்று கிலோமீட்டர் நடந்து போய் வரிசையில் நிற்கிறார்கள். இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து லிஃப்டில் இறங்கித் தெருமுனைக்கு வர முடியவில்லை. வெள்ளிக்கிழமை தேர்தல் என்றதும் மூன்று நாள் விடுமுறை கிடைத்ததாக ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். வாக்களிக்காதவனுக்குக் குடிநீர் பற்றியும் குப்பை பற்றியும் குறை சொல்ல என்ன உரிமை? நகரத்து அலட்சியம்தான் இதற்குக் காரணம் என்பது என் கருத்து. வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன்.

பாரிமுனை_கடை:

ஐயா, ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடை வைத்திருக்கிறேன். துறைமுகம் சட்டமன்றத் தொகுதி வாக்காளன். அலட்சியம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முடிவு முன்கூட்டியே தெரிந்த போட்டிக்கு யார் வரிசையில் நிற்பார்கள்? 2019இல் திமுகவின் தயாநிதி மாறன் 3,01,520 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 2024இல் 2,44,689. இரண்டாவதாக வருகிறவர் பாதி வாக்குகூட வாங்குவதில்லை. எதிர்க்கட்சிக் கூட்டணிகள் இந்தத் தொகுதியை யார் தலையிலாவது கட்டிவிடுகின்றன. வென்ற கட்சியின் ஆதரவாளன் 'எப்படியும் வென்றுவிடுவோம்' என்று வீட்டில் இருக்கிறான், மற்றவன் 'எப்படியும் தோற்போம்' என்று இருக்கிறான். கோட்டை என்று பெருமை பேசுகிறோமே, கோட்டைக்குள் தேர்தல் இருக்காது.

ஓய்வு_ஆசிரியை:

கோட்டை என்று சொல்லும் முன் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், தம்பி. 1977 முதல் இங்கே நடந்த 13 பொதுத் தேர்தல்களில் திமுக ஒன்பதில் வென்றிருக்கிறது. 1977இல் அதிமுக–காங்கிரஸ் அணி மாநிலத்தையே வாரிக்கொண்டபோது, இங்கே திமுக அணியிலிருந்த ஸ்தாபன காங்கிரசின் பா.ராமச்சந்திரன் வென்று மொரார்ஜி தேசாய் அமைச்சரவைக்குப் போனார். 1984இல் அனுதாப அலையில் திமுகவுக்கு மிஞ்சியவை இரண்டே இடங்கள், வட சென்னையும் மத்திய சென்னையும். அதுவரை கோட்டை என்று சொல்லலாம்.

ஆனால் 1989, 1991 இரண்டிலும் காங்கிரசின் இரா.அன்பரசு வென்றார். பிறகு முரசொலி மாறன் மூன்று முறை. 2011 சட்டமன்றத் தேர்தலில் இப்போதைய ஆறு தொகுதிகளில் சேப்பாக்கம்–திருவல்லிக்கேணி மட்டும்தான் திமுகவுக்கு நின்றது. வில்லிவாக்கம், எழும்பூர், துறைமுகம், ஆயிரம் விளக்கு, அண்ணா நகர் ஐந்தும் அதிமுக அணிக்குப் போயின. 2014இல் அதிமுகவின் எஸ்.ஆர்.விஜயகுமார் 45,841 வாக்குகள் வித்தியாசத்தில் தயாநிதி மாறனை வீழ்த்தினார். நினைத்தால் மாற்றிவிடக்கூடிய மக்கள்தான் இவர்கள்.

விடுமுறைக் கதையும் எனக்கு ஒப்பவில்லை. 2019இல் வியாழக்கிழமை தேர்தல், மறுநாள் புனித வெள்ளி, அதைத் தொடர்ந்து சனி, ஞாயிறு. அன்றைய விடுமுறை இன்னும் நீளம். அப்போது கிட்டத்தட்ட 59 சதவீதம் பதிவானது.

நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இந்தத் தொகுதியில் இரண்டு முறை பணி செய்தேன். மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் முகவர்கள் பட்டியலைப் புரட்டிக்கொண்டு பேசுவார்கள். 'இவர் காலமாகிவிட்டார். இந்த வீட்டையே இடித்துவிட்டார்கள். இந்தக் குடும்பம் போரூர் பக்கம் போய் ஆறு வருடம் ஆகிறது.' எதிரெதிர்க் கட்சி முகவர்கள் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை போட மாட்டார்கள். ஆயிரம் பேர் கொண்ட சாவடியில் வர முடியாத பெயர்களே இத்தனை இருக்கும்போது, 54 சதவீதம் என்பது வந்தவர்களின் எண்ணிக்கையைப் பற்றிய செய்தியா, பட்டியலைப் பற்றிய செய்தியா என்று எனக்குச் சந்தேகம்.

புரசை_வாசி:

அம்மா சொல்வதில் உண்மை இருக்கலாம். ஆனால் எல்லாப் பழியையும் பட்டியல்மேல் போட்டுவிட்டால் மனிதர்கள் தப்பித்துக்கொள்வார்கள். என் கட்டடத்தில் 16 வீடுகள். அன்று மையோடு விரலைக் காட்டியவர்கள் ஏழு வீட்டுக்காரர்கள். மற்றவர்களின் பெயர் பட்டியலில் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கூவக்கரை_மகள்:

நீங்கள் கோபப்படும் அந்த 46 சதவீதத்தில் என் அம்மாவும் ஒருவர்.

சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கூவக் கரையில்தான் நாங்கள் மூன்று தலைமுறை இருந்தோம். ஆற்றோரக் குடியிருப்புகளை அகற்றியபோது பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். பழைய இடத்திலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். அம்மா சேத்துப்பட்டில் இரண்டு வீடுகளில் வேலை செய்தார். அந்த வேலையை விடவில்லை. விடியற்காலை பஸ் ஏறி வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு வருவார். வாக்கும் பழைய இடத்திலேயே இருந்தது. 2019இலும் 2021இலும் பஸ் பிடித்துப் போய் வாக்களித்துவிட்டு வந்தார். 2024இல் முழங்கால் வலி, இரண்டு பஸ் மாற முடியவில்லை. இதை அலட்சியம் என்று எழுதுவீர்களா?

இப்போது அந்தப் பெயரும் இல்லை. வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்த்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் கணக்கீட்டுப் படிவம் பழைய முகவரிக்குத்தான் போயிருக்கும். அங்கே கதவே கிடையாது, யாரிடம் கொடுப்பார்கள்? 2025 டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் அம்மா 'நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர்'. குடிபெயர்ந்தோமா, பெயர்க்கப்பட்டோமா என்பதற்கு அந்தப் பட்டியலில் இரண்டு கட்டங்கள் இல்லை.

புரசை_வாசி:

சகோதரி, உங்கள் அம்மாவுக்கு நேர்ந்தது வருத்தமாக இருக்கிறது. அலட்சியம் என்ற சொல் அவருக்குப் பொருந்தாது, அதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி ஒருவர் எங்கே சாதாரணமாக வசிக்கிறாரோ அங்கேதான் பெயர் இருக்க வேண்டும். வேலை பார்க்கும் இடம் கணக்கில் வராது. பெரும்பாக்கம் சோழிங்கநல்லூர் சட்டமன்றத் தொகுதியில், தென் சென்னை மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. அங்கே தெருவிளக்கு எரியவில்லை என்றால் மத்திய சென்னை உறுப்பினர் என்ன செய்ய முடியும்? வசிக்கும் இடத்தின் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பதுதான் உங்களுக்கே நல்லது. போன உடனே பெயரை மாற்றியிருந்தால் இன்று இந்தச் சிக்கலே இல்லை. பல ஆண்டுகள் ஆகிவிட்டனவே.

கூவக்கரை_மகள்:

பெயரை மாற்றியிருக்கலாம் என்பது எளிதாகச் சொல்லக்கூடியது. முதல் இரண்டு ஆண்டுகள் பள்ளி மாற்றுவதற்கும் ரேஷன் அட்டை மாற்றுவதற்கும் அலைந்தோம். ஒவ்வொரு அலைச்சலுக்கும் ஒரு நாள் கூலி போகும். வாக்காளர் அட்டை கடைசி வரிசையில் நின்றது. உண்மையைச் சொன்னால் அம்மாவுக்கு மாற்ற விருப்பமும் இல்லை. 'அந்த ஒரு காகிதத்தில்தான் நான் இன்னும் அந்த ஊர்க்காரி' என்பார். சட்டத்தின் முன் இது நிற்காது, தெரியும்.

ஆனால் சட்டம் பேசுகிறவர்கள் இன்னொன்றையும் பேச வேண்டும். தொகுதி எல்லைகளை வரைந்தது 2008இல், 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து. அதன் பிறகு நகரின் நடுவிலிருந்த ஏழைகளைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். மூன்றும் சோழிங்கநல்லூரில். திருத்தத்துக்கு முன்பு ஆறு லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்களோடு மாநிலத்தின் மிகப் பெரிய சட்டமன்றத் தொகுதியாக இருந்தது அது. துறைமுகம் தொகுதியில் இரண்டு லட்சம்கூட இல்லை. இரண்டுக்கும் ஒரே ஒரு சட்டமன்ற உறுப்பினர். மக்களவையிலும் அப்படித்தான்: 2024இல் மத்திய சென்னையில் சுமார் 13.5 லட்சம் வாக்காளர்கள், தென் சென்னையில் 20 லட்சத்துக்கும் மேல். எங்களை ஊரைவிட்டு அனுப்பியபோது எங்கள் வாக்கின் எடையும் குறைந்துபோனது. அதற்கு யாரும் எங்களிடம் கையெழுத்து வாங்கவில்லை.

பாரிமுனை_கடை:

இதை நான் இதுவரை யோசித்ததே இல்லை.

கடைத்தெருவிலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். சவுகார்பேட்டையிலும் மண்ணடியிலும் வீடுகள் கிடங்குகளாகிவிட்டன. கீழே கடை, மேலே சரக்கு. குடும்பங்கள் வேப்பேரிக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் அதற்கு அப்பாலும் போய்விட்டன. பகலில் நடக்க இடமில்லாத தெருவில் இரவு பத்து மணிக்கு நாயைத் தவிர ஆள் இல்லை. ஆனால் வாக்காளர் அட்டைகள் பல இன்னும் கடை முகவரியில்தான். ஏழை தள்ளப்பட்டார், வசதியுள்ளவர் தானாகப் போனார். இருவர் பெயரும் ஒரே பட்டியலில் தங்கிவிட்டன. வசதியுள்ளவர் காரில் வந்து வாக்களித்துவிட்டுப் போய்விடுவார். அம்மாவுக்குத்தான் இரண்டு பஸ்.

கணக்கு_நோட்டு:

உணர்ச்சியோடு பேசுகிறீர்கள், நல்லது. நான் எண்களோடு வருகிறேன். திருத்தம் தேவையே இல்லை என்பவர்களுக்கு என் பதில் இது.

மாநிலம் முழுவதும் வரைவுப் பட்டியலிலிருந்து 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் போயின. இறந்தவர்கள் மட்டும் சுமார் 27 லட்சம். இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் 66 லட்சத்துக்கும் மேல். இரட்டைப் பதிவு 3.4 லட்சம் அளவில். சென்னை மாவட்டத்தில் ஏறத்தாழ 40 லட்சம் பெயர்களில் 14 லட்சத்துக்கும் மேல் நீக்கம். மூன்றில் ஒன்றுக்கும் அதிகம். இப்படி வீங்கிய பட்டியலை வைத்துக்கொண்டு சதவீதம் கணக்கிட்டு, மக்களைத் திட்டினோம். புரசைப் பெரியவரின் முதல் பதிவே அந்தப் பிழையில் பிறந்ததுதான்.

2024இல் மத்திய சென்னையில் பதிவானவை சுமார் 7.3 லட்சம் வாக்குகள். 13.5 லட்சத்தால் வகுத்தால் 54. மாவட்டத்தில் நீக்கப்பட்ட அதே விகிதம் இந்தத் தொகுதிக்கும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பட்டியல் 8.7 லட்சமாகும். அதே 7.3 லட்சத்தை அதனால் வகுத்தால் 84 சதவீதம். தருமபுரியைவிட அதிகம். மத்திய சென்னைக்காரர்கள் வாக்களிப்பவர்கள்தான். பட்டியல்தான் பொய் சொன்னது.

மேன்ஷன்_அறை_எண்_12:

உங்கள் கணக்கில் வகுத்தல் சரி, முடிவு தவறு.

84 சதவீதம் என்பதை நீங்கள் நம்புகிறீர்களா? ஆசிரியை அம்மா நம்புவாரா? 16 வீட்டில் ஏழு வீடு என்று எண்ணிச் சொன்ன பெரியவர் நம்புவாரா? இந்த நகரத்தில் அப்படி ஒரு வாக்குப்பதிவு நடக்காது. நடக்காத எண் வருகிறது என்றால் வகுக்கும் எண்ணில் கோளாறு. நீக்கப்பட்டவர்களில் உயிரோடு, இங்கேயே இருக்கிறவர்களும் கணிசமாக இருக்கிறார்கள் என்பதைத்தான் உங்கள் 84 சொல்கிறது. பதரோடு நெல்லையும் சேர்த்துக் கொட்டியிருக்கிறார்கள்.

நானே சாட்சி. ஒன்பது ஆண்டுகளாகத் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். வாக்கு இங்கேதான், 2021, 2024 இரண்டிலும் போட்டேன். கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் பகல் பதினொரு மணிக்கு வந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் மேன்ஷனில் யார் இருப்பார்கள்? மேலாளர் 'எல்லோரும் வெளியூர்ப் பையன்கள்' என்று சொல்லி அனுப்பிவிட்டார். என் பெயர் போயிற்று. வீடற்றவர் தூங்கும் இடத்துக்கு இரவில் போய்ப் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்று ஆணையத்தின் நடைமுறையிலேயே இருக்கிறது. அறையில் இருப்பவனுக்கு அந்த இரவு வருகை கிடைக்கவில்லை.

கணக்கு_நோட்டு:

84 மிகை என்பதை ஏற்கிறேன். அந்தத் தேர்தலுக்கும் வரைவுக்கும் இடையில் இருபது மாதங்கள், அதற்குள் இடம் மாறியவர்கள், இறந்தவர்களும் உண்டு. கூவக்கரைச் சகோதரியின் அம்மாவைப் போல வேறிடத்தில் வசித்துக்கொண்டு இங்கே வந்து வாக்களித்தவர்களையும் நான் கழிக்கவில்லை; 7.3 லட்சத்துக்குள் அவர்களும் இருப்பார்கள். உண்மை 54க்கும் 84க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. ஆனால் 54 தவறு என்பதில் நான் அசைய மாட்டேன். செத்தவர்கள் பெயரைக் கழிக்கக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது.

மேன்ஷன்_அறை_எண்_12:

அதை யாரும் சொல்லவில்லை. இறந்தவரின் பெயர் நிற்பதால் ஒரு சதவீதக் கணக்கு கெடுகிறது. இருக்கிறவரின் பெயர் போனால் ஒரு மனிதர் வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறார். இரண்டும் ஒரே எடையுள்ள தவறு அல்ல.

பூத்_முகவர்:

எந்தக் கட்சி என்று சொல்ல விரும்பவில்லை. இருபது ஆண்டுகளாக ஒரே சாவடியில் முகவராக உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. எந்த வீட்டில் யார் இறந்தார், யார் போனார் என்பது எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் தெரியும். எழுதிக் கொடுக்க மாட்டோம். போனவர் நம் ஆளாக இருந்தால் தேர்தலன்று வண்டி வைத்து அழைத்து வரலாம் என்று கணக்கு. எதிராளியாக இருந்தால், நீக்கச் சொல்லி மனுக் கொடுத்துப் பகை வாங்குவானேன் என்று விட்டுவிடுவோம். புதிதாகக் குடிவந்தவரைச் சேர்க்க ஆர்வம் காட்ட மாட்டோம், அவர் யாருக்குப் போடுவார் என்று தெரியாதே. கடைசியில் பட்டியல் இருபது ஆண்டு பழைய தெருவாக நின்றுவிடும்.

2024 வாக்குப்பதிவு நாள் இரவு மத்திய சென்னைக்கு முதலில் 67 சதவீதம் என்று செய்தி வந்து, பிறகு 54 அருகே இறங்கியதே, நினைவிருக்கிறதா? அப்போது ஊரே குழம்பியது. நாங்கள் குழம்பவில்லை. கையில் ஒவ்வொரு சாவடியிலும் பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி இருந்தது, சாவடிவாரியாகக் கூட்டினால் தெரிந்துவிடும். எண்ணிக்கையில் மோசடி என்று நான் நம்பவில்லை. பட்டியலில் நேர்மை இல்லை, அதற்கு நாங்களும் பொறுப்பு.

பாரிமுனை ஐயா சொன்ன கோட்டை விஷயத்திலும் ஒரு திருத்தம். முன்பு இந்தத் தொகுதியைத் தாங்கியது ஆற்றோரக் குடியிருப்புகளும் குப்பங்களும்தான். காலை ஏழு மணிக்கு முதல் வரிசை அவர்களுடையது. அவர்களை அனுப்பிவிட்ட பிறகு அந்த ஏழு மணி வரிசை மெலிந்துவிட்டது. எந்தக் கட்சியும் அதற்காகப் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, வித்தியாசம் லட்சக்கணக்கில் இருப்பதால்.

பாரிமுனை_கடை:

அப்படியானால் என் வாதம் இன்னும் நிற்கிறது. வெற்றி உறுதி என்றால் கேட்பாரும் இல்லை. துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலையைப் பாருங்கள். 2009 ஜனவரியில் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார், 2012இல் வேலை நின்றது, கூவத்துக்குள் தூண்கள் பத்தாண்டு சும்மா நின்றன. 2022 மே மாதம் பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். இந்த இடைவெளியில் மத்திய சென்னை திமுகவையும் தேர்ந்தெடுத்தது, அதிமுகவையும் தேர்ந்தெடுத்தது. என் சரக்கு லாரி அதே நெரிசலில்தான் நிற்கிறது. எந்தத் தேர்தலிலும் அந்தத் தூண்களுக்காக யாரும் வென்றதும் இல்லை, தோற்றதும் இல்லை.

கூவக்கரை_மகள்:

அந்தத் தூண்களைப் பார்த்துக்கொண்டேதான் நாங்கள் வளர்ந்தோம். துணி காயப்போடக் கயிறு கட்டியிருக்கிறோம். சாலை வருகிறபோது நாங்கள் அங்கே இல்லை.

புரசை_வாசி:

இரண்டு நாளாக இதையெல்லாம் படித்துவிட்டு, நேற்று எங்கள் பாகத்தின் (எங்கள் சாவடிக்குரிய பகுதியின்) வரைவுப் பட்டியலையும் நீக்கப்பட்டோர் பட்டியலையும் அச்செடுத்துத் தெருவில் நடந்தேன். நீக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் உண்மையிலேயே இறந்தவர்கள் அல்லது போய்விட்டவர்கள். கணக்கு_நோட்டு சொன்னது அந்த அளவில் சரி. ஆனால் ஐந்து பேர் இங்கேயே இருக்கிறார்கள். மூவர் வாடகைக்காரர்கள். ஒருவர் எங்கள் கட்டடக் காவலாளி. பதினொரு ஆண்டுகளாக எனக்குக் கதவு திறந்துவிடுகிறார், அவருக்கு இங்கே வாக்கு இருந்ததே எனக்குத் தெரியாது. ஐந்தாவது ஆள் எதிர்வீட்டு மூதாட்டி. படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறார், வாங்க யாரும் வரவில்லை என்கிறார்.

என் கட்டடத்தின் ஒன்பது வீடுகளைப் பற்றிய கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டேன். அவர்கள் எல்லோர் பெயரும் வரைவில் பத்திரமாக இருக்கிறது. லிஃப்டும் ஓடுகிறது.

சகோதரி, உங்கள் அம்மா விஷயம். 2026 ஜனவரி 18 வரை கால அவகாசம் என்று அறிவித்திருந்தார்கள். பெரும்பாக்கம் முகவரியில் பெயர் சேர்க்கும் படிவம் 6, அதோடு உறுதிமொழிப் படிவமும் வேண்டும். அவர் பெயர் முந்தைய தீவிரத் திருத்தத்தின் 2002 அல்லது 2005 பட்டியலில் இருந்தால் பாக எண், வரிசை எண் குறிப்பிட வேண்டியிருக்கும். அது சிந்தாதிரிப்பேட்டைப் பட்டியல், தேடுவது சிரமம். பழைய தெருப் பெயரைச் சொல்லுங்கள், நான் தேடித் தருகிறேன்.

கூவக்கரை_மகள்:

நன்றி ஐயா. தெருவுக்குப் பெயர் இருந்ததில்லை. பாலத்திலிருந்து இறங்கியதும் வலப்பக்கம் மூன்றாவது வரிசை என்றுதான் சொல்வோம். பட்டியலில் அதை எப்படி எழுதியிருந்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு இரவு எழுதுகிறேன். பழைய அட்டை பத்திரமாக இருக்கிறது.